முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு: இழப்பின் பின் வரும் மனச்சோர்வை அறிந்து கையாளும் முறை

மட்டக்களப்பில் எங்கள் பகுதியில் ஒருவர் இறந்துவிட்டால் முதல் மாதம் முழுவதும் அந்த வீட்டைத் தனியே விட மாட்டார்கள். பந்தல் போடுவதற்கும் வெள்ளை கட்டுவதற்கும் அயலவர்கள் கேட்காமலே வந்துவிடுவார்கள். மரண உதவிச் சங்கத்திலிருந்து கதிரைகளும் பாத்திரங்களும் வந்து இறங்கும். அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் கறியும் வரும். எட்டாம் நாள் படையல், பிறகு முப்பத்தோராம் நாள் அமுது என்று அடுத்தடுத்து வருகின்ற கடமைகளே மனத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். முஸ்லிம் வீடுகளில் கத்தமும் துஆவும், கிறிஸ்தவ வீடுகளில் முப்பதாம் நாள் பூசையும் அதே வேலையைச் செய்கின்றன. அதன் பிறகு பந்தலைப் பிரித்துவிடுவார்கள், வெளியூர்ச் சொந்தங்கள் பஸ் ஏறிவிடுவார்கள், முற்றம் வெறுமையாகிவிடும். மனச்சோர்வு பெரும்பாலும் அந்த வெறுமையான முற்றத்தின் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது; அந்த வேளையில் அதைக் கண்டுபிடிப்பதற்கு அங்கே எவரும் இருப்பதில்லை.

என் தகப்பனார் இறந்த நான்காம் மாதத்தில் அம்மா கைகால் உளைவு என்று சொல்லத் தொடங்கினார். பிறகு தலையிடி என்றார், நெஞ்சு பத்துகிறது என்றார், சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை என்றார். நாங்கள் பிள்ளைகள் மூவரும் முறை வைத்து அவரைத் தனியார் மருத்துவ நிலையங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரத்தம் சோதித்தோம், படம் பிடித்தோம், வாய்வுக்கும் முழங்காலுக்கும் குளிசைகள் வாங்கிக் கொடுத்தோம். அவர் ஒரு நாளாவது கவலை என்று சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்படியே ஏழு மாதங்கள் கழிந்த பின்னர், வயதான வைத்தியர் ஒருவர் குழாயைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, “வீட்டில் யாரும் மோசம் போனார்களா அம்மா?” என்று கேட்டார். அம்மா அன்று அழுததைப் போலச் செத்த வீட்டிலும் அழவில்லை. அந்த ஏழு மாதங்களை இன்னொரு குடும்பம் வீணாக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

துக்கத்தையும் மனச்சோர்வையும் பிரித்தறிதல்

துக்கம் நோயன்று, அதற்கு மருந்தும் தேவையில்லை. அது அலையைப் போல வரும். இறந்தவர் உடுத்த சாரத்தைக் கண்டவுடன், அவர் விரும்பிச் சாப்பிட்ட மீன் குழம்பின் மணம் வந்தவுடன், நெஞ்சை அடைத்துக்கொண்டு எழும்பும்; பிறகு மெல்ல வடியும். வடிந்திருக்கும் வேளையில் பேரப்பிள்ளையின் மழலைக்குச் சிரிக்க முடியும், இறந்தவரைப் பற்றிய பகிடியொன்றைச் சொல்லி எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பிறகு அழவும் முடியும். சில இரவுகளில் அவர் கூப்பிடுகின்ற குரல் கேட்பதைப் போலவும், கதவடியில் அவர் நிற்பதைப் போலவும் தோன்றலாம். இது துக்கத்தில் மிகவும் வழமையானது. இதைப் பைத்தியம் என்று பயப்படவும் வேண்டாம், ஆவி பிடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டவும் வேண்டாம்.

மனச்சோர்வு வேறு விதமானது. அது அலையாக வருவதில்லை. கழிமுகம் அடைபட்ட வாவியைப் போல அசையாமல் கிடக்கும். நாள் முழுவதும் மனம் கனத்திருப்பதும், முன்பு விருப்பத்தோடு செய்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவதும் இதன் இரண்டு தலையாய அறிகுறிகள். இவற்றில் ஒன்றாவது இருந்து, அதனோடு நித்திரை குறைதல் அல்லது கூடுதல், பசியும் உடல் எடையும் மாறுதல், உடம்பில் பலம் இல்லாமை, பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத பதற்றம், எதிலும் கவனம் நிலைக்காமை, தன்னை ஒன்றுக்கும் உதவாதவராக எண்ணிக் குற்ற உணர்வில் உழலுதல், சாவைப் பற்றிய நினைவு மீண்டும் மீண்டும் வருதல் ஆகியவையும் சேர்ந்து மொத்தம் ஐந்து அறிகுறிகள் ஏறத்தாழ ஒவ்வொரு நாளுமாக இரண்டு வாரங்கள் நீடித்தால், வைத்தியரிடம் போக வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

இங்கே குற்ற உணர்வைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். “அன்றைக்கு விடியவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம்” என்று வருந்துவது துக்கத்தின் பகுதி. “நான் உயிரோடு இருப்பதே எல்லோருக்கும் பாரம்” என்று சொல்வது மனச்சோர்வின் குரல். அதேபோல, “அவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும்” என்று ஒரு மூதாட்டி பெருமூச்சோடு சொல்வது எப்போதும் ஆபத்தின் அடையாளமாக இராது. ஆயினும் அந்தச் சொல்லைக் கேட்டும் கேளாதவரைப் போல எழுந்துபோய்விடாதீர்கள்.

வீட்டில் ஒருவர் செத்தால் கவலை வரத்தானே செய்யும், அதை எப்படி நோய் என்பது என்று பலரும் கேட்கிறார்கள். வைத்திய உலகத்திலும் இந்தக் கேள்வி நெடுநாள் இருந்தது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு, நெருங்கிய ஒருவர் இறந்து இரண்டு மாதங்களுக்குள் வருகின்ற சோர்வைப் பொதுவாக நோயாகக் கணக்கெடுக்க வேண்டாம் என்று கூறிவந்தது. 2013இல் அந்த விலக்கை நீக்கினார்கள். துக்கம் இருக்கின்ற இடத்திலேயே மனச்சோர்வும் வரலாம், வந்தால் அதையும் கவனிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். இவற்றுக்கு அப்பால் நீடித்த துக்கக் கோளாறு என்று மூன்றாவது நிலையும் உண்டு. அதில் மேலோங்கி நிற்பது இறந்தவர் மீதான ஏக்கம்: மாதங்கள் போனாலும் இழப்பு நேற்று நிகழ்ந்ததைப் போலவே இருக்கும், அவருடைய அறையைத் திறக்கவோ பெயரைச் சொல்லவோ முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட இத்தகைய துக்கம் தனியொரு கோளாறாக இடம்பெற்றது. நாட்டு வழக்கத்தையும் சமய வழக்கத்தையும் கருத்திற்கொண்டே அதை அளக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. ஆகையால், ஆண்டுத் திவசம் வரை வெள்ளைச் சேலை கட்டியிருப்பதை மட்டும் வைத்து எவரையும் நோயாளி ஆக்கிவிட வேண்டியதில்லை.

இழந்தவர் தாமே செய்யக்கூடியவை

முதலில் உடம்பைக் காப்பாற்றுங்கள். பசிக்கவில்லை என்றாலும் நேரத்துக்குக் கொஞ்சம் கஞ்சியாவது குடியுங்கள். விடியற்காலையில் ஒரே நேரத்தில் எழும்புங்கள். பகல் நித்திரையைக் குறையுங்கள். வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த நித்திரைக் குளிசையை இரவல் வாங்கிப் போடாதீர்கள். சாராயமும் கசிப்பும் அந்த இரவுக்கு மட்டும் மறதியைத் தந்துவிட்டு, மறுநாட் காலையில் சோர்வை இரண்டு மடங்காக்கும். குடிவகை மனச்சோர்வை ஆழமாக்கும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்தது, விருப்பம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருக்காமல் இருத்தல். மனச்சோர்வில் விருப்பம் முந்தி வருவதில்லை. செயல்தான் முந்தி வர வேண்டும், விருப்பம் அதன் பின்னால் மெல்ல வரும். உளவளத்துணையாளர்கள் கையாள்கின்ற முறைகளில் நன்கு பயன் தருவதாகக் கண்டறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு தாளை எடுத்து, நாளைக்குச் செய்யப்போகின்ற மூன்று சிறிய வேலைகளை நேரத்தோடு எழுதி வையுங்கள். முற்றம் கூட்டுதல், பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுதல், அக்கா வீடு வரைக்கும் நடந்து போய்த் தேநீர் குடித்து வருதல் என்ற அளவே போதும். மனம் வராவிட்டாலும் அந்த நேரம் வந்ததும் எழும்பிச் செய்யுங்கள். செய்து முடித்ததற்கு அடையாளமாக ஒரு கோடு போடுங்கள். முதல் வாரம் எந்த மாற்றமும் தெரியாது. அம்மாவுக்கு மூன்றாம் வாரத்தில்தான், கோழிக்குத் தீன் போடுவதற்கு நேரமாகிவிட்டதென்று அவராகவே எழும்பியதைக் கண்டோம்.

துக்கத்துக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் விளக்கியபடி, துக்கப்படுகின்றவர் இழப்பை நோக்கி ஒரு வேளையும் வாழ்வை நோக்கி ஒரு வேளையுமாக மாறி மாறி நகர்வதே இயல்பானது. ஒன்றில் மட்டும் சிக்கி நின்றுவிடுவதுதான் தொல்லை. படத்துக்கு விளக்கேற்றி, அவரோடு கதைத்து, அழ வேண்டியதை அழுதுவிட்டு, பிறகு எழுந்து உலை வைக்கின்ற எங்கள் பெண்கள் இதைப் பெயர் தெரியாமலே செய்துவருகிறார்கள். இறந்தவரை மறந்தால்தான் குணமாகும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். தகப்பனுக்காக ஆடி அமாவாசையில் மாமாங்கத்துத் தீர்த்தக்குளத்திலோ திருக்கோவில் கடலிலோ ஆடுகின்ற தீர்த்தமும், தாய்க்காகப் பிடிக்கின்ற சித்திரா பௌர்ணமி விரதமும், நவம்பர் 2ஆம் திகதி கிறிஸ்தவர்கள் சேமக்காலையில் ஏற்றுகின்ற மெழுகுதிரியும் உறவை அறுக்காமல் அதற்கு வேறொரு வடிவம் கொடுக்கின்றன.

நம்பிக்கை சார்ந்த பரிகாரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டாடியாரிடம் வாக்குக் கேட்பதாலோ நூல் கட்டுவதாலோ, ஓதிய தண்ணீர் குடிப்பதாலோ மனத்துக்கு ஆறுதல் கிடைக்குமானால் அதைத் தடுக்க நான் வர மாட்டேன். வைத்தியரிடம் போகின்ற நாளை அதற்காகத் தள்ளிப்போடவும், தொடங்கிய குளிசையை அதற்காக நிறுத்தவும் மட்டும் வேண்டாம். கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்னும் காத்திருப்புக் காலத்தில் இருக்கின்ற முஸ்லிம் பெண்கள், சுகமில்லாத போது வைத்தியரிடம் செல்வதை மார்க்கம் தடுப்பதில்லை. குடும்பத்துக்கு ஐயமிருந்தால் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

சுற்றி இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

ஒரு நாட்காட்டியை எடுத்து, முப்பத்தோராம் நாளுக்குப் பிந்திய ஒவ்வொரு வாரத்திலும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, உறவினர்கள் தங்களுக்குள் முறை பிரித்து அந்த வீட்டுக்குப் போங்கள். செத்த வீட்டுக்கு நூறு பேர் வந்ததைவிட மூன்றாம் மாதம் ஒருவர் வந்து அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போவது அதிகம் உதவும். போனால் இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். நினைவுபடுத்திவிடுவோமோ என்று நாம் பயப்படுகிறோம். அவர்களோ ஒரு நிமிடமும் மறந்திருப்பதில்லை. “அழாதீங்க”, “விதி”, “இதைவிடப் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள்” போன்ற சொற்களைத் தவிர்த்து, “ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்” என்பதற்குப் பதிலாக “செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை நான் டியூசனுக்குக் கொண்டுபோகிறேன்” என்று ஒரு வேலையைப் பெயர் சொல்லிப் பொறுப்பெடுங்கள்.

மனைவியை இழந்த ஆண்களை எங்கள் சமூகம் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால், கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில், மனைவியின் தாய் சகோதரிகளுக்கு நடுவில்தான் வாழ்கிறான். அவள் இறந்ததும், இருபது வருடம் இருந்த வீட்டில் அவன் விருந்தாளியைப் போலாகிவிடுகிறான். வெளியே போகச் சொல்பவர் எவரும் இல்லை. இருந்தாலும் எந்த உரிமையில் இருக்கிறேன் என்று அவனே கூனிக் குறுகிப் போகிறான். பெண்களுக்காவது ஒப்பாரி இருக்கிறது, கட்டிப்பிடித்து அழுவதற்குத் தோள்கள் இருக்கின்றன. அவன் வாவிக்கரையில் தனியே இருந்துவிட்டு இருட்டிய பின் வருகிறான். மாமியும் மைத்துனிமாரும் “இது உங்கட வீடுதான், எங்கயும் போகத் தேவையில்ல” என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவது, பல நாட்களாகச் சொல்லாமல் வைத்திருக்கின்ற அன்பைவிட அவனுக்கு உதவும். அவனும் எரிச்சல், குடி, வேலைக்குப் போகாமை, ஓயாத வயிற்றெரிவு என்ற வடிவங்களில்தான் மனச்சோர்வைக் காட்டுவான். அழவில்லை என்பதால் தேறிவிட்டான் என்று எண்ணிவிட வேண்டாம்.

கணவனை இழந்தவளை மஞ்சள் நீராட்டுக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடாமல் விடுவதும், கூப்பிட்டாலும் பின்வரிசையில் இருத்துவதும் அவளுடைய துக்கத்தின் மேல் இன்னொரு துக்கத்தை ஏற்றுவதாகும். பொட்டும் பூவும் அவளுடைய விருப்பம். அவளைக் கூப்பிடுங்கள், முன்னால் இருத்துங்கள்.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். அப்பா நித்திரை கொள்கிறார், வெளிநாட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் சிறுபிள்ளை நித்திரைக்கே பயப்படத் தொடங்கும், அல்லது வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். செத்துவிட்டார், இனி வர மாட்டார், அது உன்னுடைய பிழையால் நடந்ததன்று, உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்ற நான்கையும் எளிய சொற்களில் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும். படுக்கையில் மீண்டும் சிறுநீர் கழித்தல், பாடசாலைக்குப் போக மறுத்தல், வயிற்றுவலி, காரணமில்லாத கோபம் ஆகியவை பிள்ளைகளின் துக்க மொழி. அவர்கள் கதைத்து ஆறுவதைவிட விளையாடியும் வரைந்தும்தான் ஆறுகிறார்கள். போரின் காயத்தோடு வளர்ந்த சிறுவர்களுக்காக 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் மண்ணும் நிறமும் கதையும் நாடகமும் முதலிடம் பெற்றது அதனால்தான்.

கத்தாரிலோ சவூதியிலோ இருந்து தாயின் மரணச் சடங்கைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்த மகனுக்குத் துக்கம் பிந்தித்தான் வரும், சில வேளைகளில் விடுமுறையில் வந்து வீட்டு வாசலில் கால் வைக்கின்ற அன்றுதான் வரும். அவன் வந்ததும் கல்லறைக்கோ மையவாடிக்கோ அழைத்துச் செல்லுங்கள். அவன் இல்லாத அந்த நாளில் என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்லுங்கள்.

உடலே கிடைக்காத இழப்பு இவை எல்லாவற்றிலும் கடினமானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை; கல்முனையிலும் சாய்ந்தமருதிலும், இங்கே மட்டக்களப்பில் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் கடல் திருப்பித் தராதவர்களுக்காக இன்றும் வருடந்தோறும் அழுகிறார்கள். போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் நிலை இன்னும் கொடியது: அமுது கொடுத்தால் மகனைத் தானே கொன்றதைப் போலாகிவிடும், கொடுக்காவிட்டால் மனம் ஓயாது. அப்படிப்பட்டவரிடம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். “தெரியாமல் இருப்பதுதான் உங்களை இப்படி வாட்டுகிறது” என்று அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். தேடலை விடாமலே நித்திரைக்கும் சாப்பாட்டுக்கும் மனச்சோர்வுக்கும் உதவி பெறலாம். ஒன்று மற்றொன்றுக்குத் துரோகமாகாது.

உயிராபத்து என்று ஐயம் வந்தால்

“செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலானவர்களுக்கு யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதலே கிடைக்கும். ஆம் என்றால், அல்லது உடைமைகளைப் பிரித்துக் கொடுத்தல், விடைபெறுவதைப் போலக் கதைத்தல் ஆகியவற்றைக் கண்டால், அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிநாசினியையும் வீட்டிலுள்ள குளிசைகளையும் அன்றே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்த தற்கொலை வீதம், கடும் நஞ்சான பூச்சிநாசினிகள் தடை செய்யப்பட்டதைத் தொடர்ந்து பெருமளவு குறைந்தது; கைக்கெட்டும் தூரத்திலிருந்து அகற்றுவதே உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. எடுத்தவுடன் தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். உடனடி ஆபத்தென்றால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

வைத்தியசாலைக்குப் போகும் முறை

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. ஏனைய ஊர்களில் உள்ளவர்கள் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மனநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டு அறிந்துகொள்ளலாம். பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமும், ஊருக்கு வருகின்ற குடும்பநல உத்தியோகத்தரிடமும் வழி கேட்கலாம். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. போகும்போது இறந்தவர் யார், இறந்த திகதி எது, அறிகுறிகள் எப்போது தொடங்கின, இப்போது போடுகின்ற மற்றக் குளிசைகள் எவை என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உடம்பு நோவைச் சொல்வதோடு இழப்பையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்; நாங்கள் சொல்லாமல் விட்டது அதைத்தான். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதால் வைத்தியர் இரத்தப் பரிசோதனை கேட்டால் செய்துகொள்ளுங்கள்.

வைத்தியர் குளிசை எழுதிக் கொடுத்தால், அது வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் வரை ஆகும். முதல் நாட்களில் குமட்டலோ லேசான பதற்றமோ வரலாம். பெரும்பாலும் அது தானாகவே குறையும். இளவயதினரை அந்த முதல் வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்கான இந்தக் குளிசைகளுக்குப் போதைப்பொருளைப் போல அடிமையாவதில்லை. ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றும் நித்திரைக் குழப்பமும் வரும். சுகமாகிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடரச் சொல்வார்கள். ஊரவர்கள் பைத்தியக் குளிசை என்று சொல்லக்கூடும். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் கிளினிக் கொப்பி வைத்திருக்கின்ற அதே ஊரவர்கள்தான் அவர்கள். மருந்து மனச்சோர்வை இறக்கும். இறந்தவர் மீதான ஏக்கத்தை அது தனியே ஆற்றாது. அதற்குக் கதைத்து ஆற்றுகின்ற சிகிச்சையும், வீட்டுக்கு வந்து போகின்ற மனிதர்களும் வேண்டும்.

குணமாகிவருகின்ற காலத்திலும் சில நாட்கள் மீண்டும் கனக்கும்: பிறந்தநாள், தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், நத்தார், முதலாவது ஆண்டுத் திவசம். அவற்றை முன்கூட்டியே குறித்து வைத்து, அதற்கு முந்திய வாரமே யாரேனும் வந்து தங்குவதற்கு ஒழுங்கு செய்யுங்கள். அம்மா குளிசை தொடங்கி ஒரு மாதத்துக்குள் அப்பாவின் திவசம் வந்தது. கிளினிக் திகதியும் திவசமும் ஒரே வாரத்தில் விழுந்ததால், மருந்து இடையில் முடிந்துவிடாதபடி திங்கட்கிழமையே போய் வாங்கி வைத்தோம்; சின்னம்மா ஞாயிறே வந்துவிட்டார். வியாழக்கிழமை அம்மா தம் கையாலேயே அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை ஆக்கிப் படைத்தார், நன்றாக அழுதார், பிறகு எங்களோடு இருந்து ஒரு பிடி சோறும் சாப்பிட்டார்.